ஏழாவது தாள்

என் வேலை பெயர்களைக் கட்டத்துக்குள் அடைப்பது. ஷார்ஜாவில், முவைலாவின் கடைத்தெரு ஒன்றில், முடிவெட்டும் கடைக்கும் மலையாளி டீக்கடைக்கும் நடுவில் இருக்கிற டைப்பிங் சென்டரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். விசா புதுப்பிக்க, மனைவியை அழைத்துவர, விசாவை ரத்து செய்துவிட்டு ஊர் போக, எதற்கானாலும் ஆட்கள் முதலில் என் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பெயரைச் சொல்ல வேண்டும். சொந்தப் பெயர் ஒரு கட்டம். குடும்பப் பெயர் ஒரு கட்டம். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? தன் பெயர் இருக்கிறது, தகப்பன் பெயர் இருக்கிறது. எதை எங்கே போடுவது என்று அவர்கள் என்னைப் பார்ப்பார்கள், நான் பாஸ்போர்ட்டைப் பார்ப்பேன். அதில் ஏற்கெனவே யாரோ ஒருவர் என்றோ ஒருநாள் அவசரத்தில் முடிவுசெய்து வைத்திருப்பார்.

இதற்கு முன்னால் ஜெத்தாவில், ஷரஃபியாவின் துணிக்கடை ஒன்றில் ஆறு வருடம். அல் கோபாரில் ஒரு கம்பெனி ஆபீஸில் நான்கு. குவைத்தில் எட்டே மாதம். ஒரு ரூமில் பாயை விரித்த அன்றைக்கே அடுத்த ரூமைப் பற்றி யோசிக்கிறவன் நான். ஐம்பது வயதாகியும் கால் ஓர் இடத்தில் தரிக்கவில்லை. இது யாரிடமிருந்து வந்தது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "உனக்குப் பூட்டன் காலுடா" என்பார் வாப்பா. அதைச் சொல்லும்போது அவர் குரலில் திட்டும் இருக்கும், வேறொன்றும் இருக்கும்.

அந்தப் பூட்டன் வாப்பாவின் பாட்டனார். கடலோரத்தில் எங்கள் ஊரிலிருந்து கொழும்புக்குப் போய், அங்கிருந்து நீராவிக் கப்பலில் அடுப்புக்கு நிலக்கரி அள்ளிப் போடும் வேலைக்குச் சேர்ந்தவர். கல்யாணமாகி மூன்றாவது வருடம், கைப்பிள்ளையாக ஒரு மகன் இருந்தபோது போனார். அடுத்த வருடம் கூடப் போனவர்களில் ஒருவர் மட்டும் வீட்டு வாசலுக்கு வந்து, அமெரிக்காவில் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கினார், கப்பல் புறப்படும்போது ஆளைக் காணோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தோடு முடிந்தது. கடிதம் இல்லை, பணம் இல்லை, இறந்தார் என்ற மவுத்துச் செய்தியும் இல்லை.

மவுத்துச் செய்தி இல்லாததுதான் என் பூட்டியின் ஆயுள் முழுவதும் பிரச்சினையாக இருந்தது. கணவன் இறந்தால் பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும்; வீட்டை விட்டு வெளியே வராமல், அலங்காரம் இல்லாமல். எங்கள் ஊரில் அதற்குப் பிறகு வெள்ளைச் சேலைதான், கழுத்தில் கருகமணி கிடையாது. பத்து வருடம் கழிந்ததும் ஜமாஅத்துப் பெரியவர்கள் அவரிடம் வந்து, இனி அந்த மனிதன் இல்லையென்றே வைத்துக்கொள், இத்தா இரு, வேண்டுமானால் வேறு நிக்காஹ் செய்துவைக்கிறோம் என்று சொன்னார்கள். அவர் கதவுக்குப் பின்னால் நின்று, "மவுத்துக்குச் சாட்சி யாரு?" என்று ஒரு கேள்வி கேட்டார். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். பச்சைச் சேலையும் சிவப்புச் சேலையுமாக, கழுத்தில் கருகமணியோடு, கிழவியாகிற வரை அந்தத் தெருவில் நடமாடினார். பின்னால் கேலி வந்தது. கப்பல்காரன் பொண்டாட்டி என்றார்கள். இத்தாவுக்குப் பயந்தவள் என்றார்கள். அவருக்குக் காது கேட்காது என்று நினைத்து முகத்துக்கு நேரேயும் சொன்னார்கள்.

மகனுக்கு மகன் பிறந்தபோது, அந்தப் பிள்ளைக்குக் கணவரின் பெயரையே வைக்கச் சொன்னார். அந்தப் பெயர் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று. ஆனால் கணவன் பெயரைப் பெண் வாயால் சொல்லக் கூடாது என்ற வழக்கம் ஒன்று இருந்ததே. அதனால் அந்தப் பேரனை அவர் ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மற்றவர்கள் கூப்பிடும்போது நிமிர்ந்து பார்ப்பாராம். அந்தப் பேரன்தான் என் வாப்பா.

வாப்பாவுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, ஒரு நோன்பு மாதத்தின் கடைசி வாரத்தில் பூட்டி இறந்தார். ஜனாஸாவுக்கு வந்தவர்களிலும் ஒருத்தி சொல்லியிருக்கிறாள்: "புருசன் எப்பவோ போய்ட்டான். இத்தா இருக்காமலே போய்ச் சேந்துட்டா பாவி." பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் காதில் விழுந்த அந்த வார்த்தை எண்பது வயதிலும் அங்கேயே இருந்தது. துபாயில், தேராவில் இருபத்தெட்டு வருடம் கடை நடத்திவிட்டு ஊரோடு போய்விட்ட வாப்பா, என்னிடம் ஃபோனில் நலம் விசாரித்து முடித்ததும் கடைசியில் அதைத்தான் கேட்பார்:

"என்ன வாப்பா, அதுல ஏதாச்சும் கெடச்சுதா? அவர் முந்தியா, அவ முந்தியா?"

அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. இரண்டு பேரில் யார் முதலில் போனது. பூட்டி முதலில் என்றால் அவர் கைம்பெண்ணாக இருந்ததே இல்லை. பூட்டன் முதலில் என்றால் ஊர் சொன்னது சரி.

எட்டு வருடம் தேடினேன். வம்சம் தேடுகிறவர்களுக்கென்று இணையத்தில் அமெரிக்காக்காரர்கள் பெரிய பெரிய கிடங்குகள் வைத்திருக்கிறார்கள். கப்பலில் வந்தவன், இறங்கியவன், ஓடியவன், கல்யாணம் கட்டியவன், செத்தவன், எல்லோருடைய தாளையும் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்கிறபோது எனக்குப் பொறாமையாக இருக்கும். எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை வளைகுடாவில் உழைத்திருக்கிறது. வாப்பா தேராவில், அவர் தம்பி சாச்சா மஸ்கட்டில், நான் எங்கெங்கோ. விசாவை ரத்து செய்தால் கலாஸ், எல்லாம் முடிந்தது. நூறு வருடம் கழித்து என் பேரனின் பேரன் வந்து தேடினால் இந்த மணலில் என்ன கிடைக்கும்? ஆனாலும் அத்தனை தாள் இருக்கிற தேசத்தில் எங்கள் ஆள் கிடைக்கவில்லை. அவர் பெயரை முதலில் போட்டு, அவருடைய வாப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, எழுத்தை இப்படியும் அப்படியும் மாற்றிப் போட்டுத் தேடினேன். ஒன்றுமில்லை. மாஃபி.

ஒருநாள் மத்தியானம் புதுக்கோட்டைப் பக்கத்து ஆள் ஒருவர் சென்டருக்கு வந்தார். கட்டட வேலை, கேம்ப்பிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். லேபர் கார்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"சார், இதுல பேர மாத்த முடியுமான்னு பாருங்க."

"என்ன தப்பு?"

"எங்கப்பன் பேரு முன்னாடி போயிருச்சு. சைட்ல ஃபோர்மேன் அதச் சொல்லித்தான் கூப்பிடுறான். எங்கப்பன் செத்து இருபது வருசமாச்சு சார். ஊர்ல ஒருநாள் ஒழுங்கா வேலைக்குப் போனதில்ல மனுசன். இங்க தெனம் டூட்டிக்கு வர்றாரு. ஓவர்டைம் வேற பாக்குறாரு."

பக்கத்துக் கவுண்டரில் இருந்த பெஷாவர்க்காரருக்கு இதை இந்தியில் சொன்னதும் அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பாஸ்போர்ட்டிலேயே அப்படி இருப்பதால் ஊரில்தான் மாற்ற வேண்டும் என்று விளக்கினேன். அவர் கார்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அப்ப விடுங்க சார். அந்தாளும் கொஞ்ச நாள் சம்பாதிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு என்னால் அடுத்த விண்ணப்பத்தை அடிக்க முடியவில்லை. கை விசைப்பலகை மேலேயே இருந்தது. எங்கள் பக்கத்தில் பெயரை எப்படிச் சொல்வார்கள்? தகப்பன் பெயர் முதலில், தன் பெயர் பின்னால். பூட்டனிடம் எவனோ ஒரு வெள்ளைக்காரன் உன் பெயர் என்ன என்று கேட்டிருப்பான். அவரும் ஊர் வழக்கப்படி சொல்லியிருப்பார். இதைத்தான் நான் நாள் முழுக்க, வருடம் முழுக்க மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறேன். என் சொந்தப் பூட்டன் விஷயத்தில் எட்டு வருடம் தோன்றவில்லை.

பெயர்களை இடம் மாற்றிப் போட்டேன். அந்த மத்தியானமே கிடைத்தார்.

அமெரிக்கா அவரைச் சாகும்வரை அவருடைய வாப்பாவின் பெயரால் கூப்பிட்டிருக்கிறது. அவருடைய சொந்தப் பெயர் குடும்பப் பெயராகி, மகனுக்கு, மகனின் மகனுக்கு, அவர் மகளுக்கு என்று இறங்கி வந்திருக்கிறது. வம்சாவளியை ஏற்றி வைத்திருந்தது அந்த மகள்தான். என்னைவிட நான்கைந்து வயது சின்னவள், கிழக்குக் கரையில் ஒரு பழைய துறைமுக நகரத்தில் பள்ளிக்கூடத்து நூலகர். கறுப்பினக் குடும்பம். அந்த வம்ச மரத்தின் உச்சியில் எங்கள் பூட்டனை வைத்து, அவருக்கு மேலே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். பிறந்த இடம் என்ற இடத்தில் 'கிழக்கிந்தியா' என்று மட்டும்.

எழுதினேன். அவளுக்குச் சந்தேகம் இருந்தது, எனக்கும்தான். ஒரே பெயரில் ஆயிரம் பேர் கப்பலேறியிருப்பார்கள். நான்காவது கடிதத்திலோ ஐந்தாவதிலோ, பெரிதாக எதுவும் நினைக்காமல் அவள் ஒரு விஷயம் எழுதினாள். பூட்டன் வருடத்தில் ஒரு மாதம் மட்டும் தினமும் சூரியன் மறைந்ததும் அரிசியில் ஒரு கஞ்சி காய்ச்சிக் குடிப்பாராம். அந்த மாதம் ஒரு வருடம் பனியில் வரும், சில வருடம் போனால் வெயிலில் வரும். எப்போது வரும் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒருநாள் திடீரென்று அடுப்பில் அந்த வாசனை வரும். தோன்றியபோது காய்ச்சுகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். அவர் போன பிறகு மாதத்தைக் கண்டுபிடிக்க வழியில்லாமல், குடும்பத்தில் இன்றைக்கும் முதல் பனி விழுகிற நாளில் அதைக் காய்ச்சுகிறார்களாம்.

என் மனைவிக்குப் படித்துச் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"என்னென்ன போடுறாங்களாம்?"

"அரிசி, பூண்டு, இஞ்சி, கொஞ்சம் கறி, தேங்காய்ப்பால்."

"வெந்தயம் போடலையா? கேளுங்க."

கேட்டேன். மறுநாள் பதில் வந்தது. ஆமாம், மஞ்சளாகச் சின்ன விதை, கசக்கும், எதற்கென்று யாருக்கும் தெரியாது, போடாவிட்டால் தாத்தா கத்துவார் என்று அப்பா சொல்வார் என்று எழுதியிருந்தாள். மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். "நோன்புக் கஞ்சிங்க இது. நம்ம ஆளுதான்." அதற்கு மேல் ஓர் அத்தாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

இறந்த தேதி மரத்தில் இல்லை; எழுத்தில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுத்த நோன்பு மாதத்தில் அவள் நைரோபியில் ஒரு தோழியைப் பார்க்கப் போகிறாள், துபாயில் ஒன்பது மணி நேரம் விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும், வெளியே வரலாமா என்று கேட்டிருந்தாள். தாள்கள் எல்லாவற்றையும் கொண்டு வருகிறேன், நேரில் பார்க்கலாம் என்றாள். வாப்பாவும் அப்போது விசிட் விசாவில் எங்களோடு இருந்தார். எட்டு வருடம் காத்திருந்தோம். தேதி அவர் கையில் நேராக வந்து சேரட்டும் என்று விட்டுவிட்டேன்.

விமான நிலையத்தில், வருகிறவர்கள் வெளியே வரும் தடுப்புக்கு முன்னால், அவளுடைய குடும்பப் பெயரை எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதாவது என் வாப்பாவின் பெயரை. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் டிராலி தள்ளிக்கொண்டு வந்தவர் அட்டையைப் பார்த்துவிட்டு, "என்ன, வாப்பாவத் தொலைச்சிட்டியளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் வந்தாள். உயரம், கட்டையாக வெட்டிய நரைமுடி, தோளில் துணிப்பை, நெஞ்சோடு அணைத்த ஒரு நீல ஃபைல். முகத்தில் எங்கள் ஜாடை ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். ஒன்றும் தெரியவில்லை. அதில் எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது. பிறகு காருக்கு நடக்கிறபோது பார்த்தேன், அவளும் என்னைப் போல் இடது செருப்பின் வெளி ஓரத்தைத் தேய்த்து நடக்கிறாள். பூட்டன் கால் என்று வாப்பா சொன்னதை அவளுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

வீட்டில் வாப்பா வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசி, பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு வாசலிலேயே நின்றிருந்தார். அவளைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டி, "தஃபத்தல், தஃபத்தல்" என்றார்.

"மாமா, அவங்க அமெரிக்கா. அரபி இல்ல" என்றாள் என் மனைவி.

"வெளிநாட்டு ஆளுன்னா வாயில அதான்மா வருது. வா புள்ள, உள்ள வா."

நான் வாப்பாவின் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்தேன். அவள் தன் குடும்பப் பெயரை ஒரு முழு மனிதனாக, நோன்பு பிடித்துக் காய்ந்த உதட்டோடு எதிரே நிற்கிற ஒருவராகப் பார்த்தாள். பிறகு சோஃபாவில் உட்கார்ந்து, உறவுமுறையை ஆங்கிலத்தில் கணக்குப் போட ஆரம்பித்தாள். பாதி உறவு, முதல் படி, ஒரு தலைமுறை விலக்கு என்று ஏதோ வந்தது. வாப்பா என்னைப் பார்த்தார்.

"என்ன சொல்லுது?"

"நீங்க அவளுக்கு என்ன முறைன்னு கணக்குப் பாக்குறா."

"இதுல கணக்கென்ன? அவ வாப்பா எனக்குத் தம்பி முறை. நான் பெரிய வாப்பா. உனக்குத் தங்கச்சி. இத சொல்லத் தெரியாம நீ என்ன இங்கிலீஷ் படிச்சே?"

சொன்னேன். அவள் சிரித்தாள், உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா போய் இரண்டு வருடம்தான் ஆகிறது என்றாள். நான் அதையும் மொழிபெயர்த்தேன். வாப்பா மெதுவாக ஓதிவிட்டு, அவள் தலையில் கை வைத்தார். அந்தத் தம்பியை அவர் பார்த்ததே இல்லை.

பிறகு ஃபைல் திறந்தது. ஏழு தாள். மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். உங்களுக்கு எது முதலில் வேண்டும் என்று தெரியும் என்று சொல்லி, இறப்புச் சான்றிதழை மேலே வைத்திருந்தாள்.

வாப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டார். ஆங்கிலம் படிக்க வராதவர், ஆனாலும் தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். நான் தலைகீழாகப் படித்தேன். மருத்துவமனை, வயது, நோய், புதைத்த இடம். தேதியில் விரலை வைத்தேன். வருடத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் ஃபோனை எடுத்து ஹிஜ்ரிக் கணக்குக்கு மாற்றி, மறுபடியும் மாற்றிப் பார்த்தேன்.

"அவ முந்தி வாப்பா" என்றேன். "நாலு வருசம் முந்தி."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன். உங்க வாப்பும்மா மவுத்தாகி நாலு வருசம் கழிச்சு, ரஜப் மாசத்துல."

"அப்ப அவ கைம்பெண் இல்ல."

"இல்ல."

"ஒரு நாளும் இல்ல."

"ஒரு நாளும் இல்ல வாப்பா."

"ஜனாஸாவுல வச்சுச் சொன்னாளே, அவளும் மவுத்தாயிட்டா" என்றார். "இல்லன்னா இந்தப் பேப்பரத் தூக்கிட்டு இன்னைக்கே ஃப்ளைட் ஏறியிருப்பேன்." எழுந்து ஜன்னல் பக்கம் போய் முதுகு காட்டி நின்றார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று முதலில் நினைத்தேன். திரும்பி வந்தபோது முகம் கழுவியதுபோல் இருந்தது. ஆனால் உட்கார்ந்ததும் முகத்தில் இன்னொன்று ஏறிற்று. பூட்டி இறந்தபோது பூட்டன் உயிரோடு இருந்திருக்கிறார். அதற்கு முந்தைய முப்பத்தைந்து வருடமும் உயிரோடு, நல்ல கால் கையோடு. அந்தக் கணக்கை வாப்பா போடுவது எனக்குத் தெரிந்தது. போட்டுவிட்டு, அதைப் பற்றி வாயைத் திறக்காமல், "மத்ததையும் படி" என்றார்.

படித்தேன். கப்பல் ஆட்களின் பட்டியல், அவர் பெயருக்கு நேரே 'ஓடிப்போனவர்' என்று ஒரு முத்திரை. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் இரண்டு, ஒன்றில் ஹோட்டலில் பாத்திரம் கழுவுபவர், அடுத்ததில் சமையல்காரர். பதவி உயர்வு என்றார் வாப்பா. மகன் பிறந்த பதிவு. போர்க்காலத்தில் எடுத்த அட்டை ஒன்று, அதில் வலது முன்கையில் தீக்காயம் என்று எழுதியிருந்தது. கீழே அவர் கையெழுத்து. ஆங்கிலத்தில்தான், ஆனால் எழுத்துக்கள் வலதுபக்கமிருந்து எழுதிப் பழகிய கைபோலச் சரிந்திருந்தன. வாப்பா அந்தக் கையெழுத்தைக் கட்டைவிரலால் தடவினார். "ஓதப் படிச்ச கை" என்றார்.

ஆறு. ஏழாவதை எடுத்தேன்.

அது கல்யாணப் பதிவு. மணமகன், மணமகள், இரு பக்கமும் கட்டங்கள். என் தொழில் கட்டங்கள். கண் தானாக அதில்தான் போய் நிற்கும். மணமாகாதவரா, மணவிலக்கு பெற்றவரா, துணையை இழந்தவரா என்று கேட்கிற கட்டத்தில், மணமகன் பக்கம், துணையை இழந்தவர் என்று எழுதியிருந்தது. கேட்டவன் எழுதியதாக இருக்கலாம். ஆனால் யாராவது சொல்லாமல் யாரும் எழுத மாட்டார்கள். ஊரில் ஜமாஅத்துப் பெரியவர்கள் கதவுக்கு வெளியே வந்து நின்றார்களே, ஏறக்குறைய அந்த நாட்களில்.

தினமும் என் நாற்காலிக்கு எதிரே ஆட்கள் கட்டத்துக்குள் பொய் சொல்கிறார்கள். வயதைக் குறைக்கிறார்கள், படிப்பைக் கூட்டுகிறார்கள், நான் ஒன்றும் கேட்காமல் அடித்துக் கொடுக்கிறேன். வேறு கட்டம் இல்லாத இடத்தில் மனிதன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பச்சைச் சேலையில் கருகமணியோடு பூட்டி தெருவில் போகிறபோது, அங்கே இந்த மை காய்ந்துகொண்டிருந்தது.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முதல் மனைவி சின்ன வயதிலேயே இறந்துவிட்டார் என்றுதான் எங்கள் வீட்டில் நினைத்திருந்தோம்" என்றாள், தாழ்ந்த குரலில், ஆங்கிலத்தில். "உங்கள் கடிதம் வரும்வரை. எடுத்துவராமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். அது உங்களுக்குச் செய்கிற திருட்டு மாதிரி இருந்தது."

"என்ன அது?" என்றார் வாப்பா.

"நகல் வாப்பா. முன்னாடி பாத்ததோட இன்னொரு நகல்."

அவள் ஒரு வார்த்தை தமிழ் அறியாதவள். கையை நீட்டி அந்தத் தாளை எடுத்து மற்ற ஆறுக்கும் அடியில் செருகினாள். அந்த ஒரு நொடியில்தான் எனக்கு அவள் தங்கை ஆனாள். செருப்பினாலோ கஞ்சியினாலோ இல்லை.

நோன்பு திறக்கப் பாங்கு கேட்டது. பேரீச்சம்பழத்தைக் கடித்தோம். மனைவி கஞ்சியைக் கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்தாள். வந்தவள் முதல் வாயை விழுங்கிவிட்டு வெகுநேரம் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. எங்களுடையதைவிட இதில் தேங்காய்ப்பால் கூடுதல் என்றாள். அங்கே பனிக்காலத்தில் தேங்காய்க்கு எங்கே போவார் மனுஷன் என்றாள் என் மனைவி. வாப்பா துஆ ஓதும்போது இறந்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்து, பூட்டி பெயருக்குப் பிறகு, முதல்முறையாகப் பூட்டன் பெயரைச் சேர்த்தார். அதாவது தன் பெயரை. பிறகு என் பக்கம் குனிந்து, "அங்க கட்டிக்கிட்ட அம்மா பேரு என்ன, கேளு" என்றார். கேட்டுச் சொன்னேன். அந்தப் பெயர் அவர் நாக்கில் உருளவில்லை. மூன்று தரம் முயன்று, சரியாக வருகிற வரை விடவில்லை.

விமான நிலையத்துக்குத் திரும்புகிற வழியில் நோன்பு திறந்த நேரத்துச் சாலை காலியாகக் கிடந்தது. அந்த மாதம் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது எப்படி என்று கேட்டாள். பிறை பார்க்க வேண்டும், அன்றைக்குச் சாயங்காலம் வரை யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சில நாள் சாயங்காலங்களில் பூட்டன் கட்டடத்தின் இரும்புப் படியில் ஏறி மேற்கே பார்த்து நிற்பாராம். ஊரை நினைக்கிறார், தொந்தரவு செய்யாதீர்கள் என்று அந்த அம்மா பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொள்வாராம். "பிறைதானா அப்படியென்றால்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பிறையைப் பார்த்து நிற்கிறவர் ஊரை நினைக்கவில்லை என்று யார் சொல்வது?

நகல்களை என்னிடமே விட்டுப் போனாள். ஆறு தாளை வாப்பா தன் பெட்டியில், சட்டைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டார். ஏழாவதை நான் சென்டருக்குக் கொண்டுபோய், ஆட்கள் மறந்துவிட்டுப் போகிற ஜெராக்ஸ்களைப் போட்டுவைக்கும் அடி டிராயரில் போட்டேன்.

பெருநாள் கழிந்து வாப்பா ஊருக்குத் திரும்பும் நாள் வந்தது. காலையில் பெட்டியைக் கட்டிவிட்டு, நேரம் இருக்கிறது என்று என்னோடு சென்டருக்கு வந்தார். ஆள் வராத நேரம். பிளாஸ்டிக் நாற்காலியில், விண்ணப்பிக்க வந்தவர் போல, எனக்கு எதிரே உட்கார்ந்தார். ரஜப் மாதம் ஊரில் பூட்டனுக்கு ஆண்டு நினைவாகக் கத்தம் ஓத வேண்டும், பள்ளியில் சொல்லி வைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார். டீ வந்தது. இரண்டு வாய் குடித்தார்.

"அந்தப் புள்ள ஏழு தாள் கொண்டாந்துச்சு" என்றார்.

நான் விசைப்பலகையை நேராக நகர்த்தி வைத்தேன்.

"எனக்கு இங்கிலீஷ்தான் தெரியாது. எண்ணத் தெரியும்."

"நகல்னு சொன்னேனே வாப்பா."

"ஆமா. சொன்னே." மிச்ச டீயைக் குடித்து முடித்து, காகிதக் கோப்பையை ஓரமாக, விண்ணப்பங்களில் படாதபடி வைத்தார். எழுந்து நின்று, கதவுக்கு வெளியே வெயிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க வச்சிருக்கியோ அங்கயே இருக்கட்டும். லீவுக்கு வரும்போது தப்பித் தவறி ஊருக்குக் கொண்டாந்துராத. வாப்பும்மா கண்ணுல பட வேணாம்."